தரங்கம்பாடியப் பத்தி ஆறு வாரம் உக்காந்து படிச்சேன் - ஒரு ஆன்லைன் வாசிப்பு வகுப்போட ரிவ்யூ

நான் தரங்கம்பாடிக்கு எத்தன தடவ போயிருக்கேன்னு கணக்கே கிடையாது. எங்க ஊரு மயிலாடுதுறை. சொந்தத்துல யாருக்கு அறுபதாம் கல்யாணம்னாலும் திருக்கடையூர்லதான் வைப்பாங்க, காலையில அபிஷேகம் முடிஞ்சு பந்தி சாப்பாடும் முடிஞ்சா மதியம் பன்னெண்டரைக்கே வேலை ஓஞ்சிடும், அப்புறம் வேன் டிரைவர்கிட்ட பேசி எல்லாரும் தரங்கம்பாடி. கோட்டை மேல ஏறி ஒரு போட்டோ, கடல்ல கால நனைக்கறது, ஒரு பொட்டலம் சுண்டல், இருட்டறதுக்குள்ள திரும்பறது. சின்ன வயசுலேர்ந்து இதே கதைதான். எனக்கு ரொம்பப் புடிச்ச ஊர் எதுன்னு யாராச்சும் கேட்டா யோசிக்காம இதத்தான் சொல்வேன், ஆனா அந்த ஊரப் பத்தி என்ன தெரியும்னு கேட்டா "டேனிஷ்காரன் கோட்டை கட்டினான்"ங்கறதுக்கு மேல ஒரு வரி வராது. அதான் நிலைமை.

போன வருஷம் வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. ஒரு சின்ன குழு, பேரு வேணாம், சனிக்கிழமை சனிக்கிழமை சாயங்காலம் ஆறு வாரம் ஜூம்ல "ஒரு ஊரைப் படிப்போம்"னு வகுப்பு நடத்தறாங்க, இந்த தடவ தரங்கம்பாடி, ஃபீஸ் 1,200 ரூபா, கடைசியில ஒருநாள் நேர்ல கூட்டிட்டுப் போவாங்க (பஸ், சாப்பாட்டுக்கு தனியா காசு). நடத்தறது ரெண்டு பேர். ஒருத்தர் ரிட்டயர்டான காலேஜ் சரித்திர வாத்தியார், இன்னொருத்தர் ஜூம் லிங்க் அனுப்பற, பிடிஎஃப் ஏத்தற, மியூட் போடச்சொல்லி கெஞ்சற ஒரு பையன். நாங்க மொத்தம் இருபத்திநாலு பேரு. ஒவ்வொரு வாரமும் நாப்பது அம்பது பக்கம் பிடிஎஃப் அனுப்புவாங்க, படிச்சிட்டு வரணும், வந்து பேசணும். லெக்சர் கேக்கற வகுப்பு இல்ல, அத மொதல்லயே தெளிவா சொல்லிட்டாங்க, அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. படிக்காம வந்தா வாத்தியார் திட்டமாட்டார், ஆனா "நீங்க அடுத்த வாரம் பேசுங்க தம்பி"ம்பார், அது திட்டறத விட மோசம்.

மொத வாரம் நான் எதிர்பாத்தது டென்மார்க். வந்தது பாண்டியன். கடற்கரையில அலை அடிச்சு அடிச்சு பாதி காணாமப் போன மாசிலாமணிநாதர் கோயில் இருக்குல்ல, நாங்கல்லாம் "உடைஞ்ச கோயில்"னு சொல்லி அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுப்போம், அத 1306ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினாங்கன்னு படிச்சப்போதான் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. டேனிஷ்காரன் வர்றதுக்கு 314 வருஷம் முன்னாடியே அங்க ஒரு கோயில் இருக்கு, கோயிலுக்கு கல்வெட்டு இருக்கு, அந்தக் கல்வெட்டுல ஊர் பேரு தரங்கம்பாடி இல்ல, சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம்னு இன்னொரு பேரும் போட்டிருக்கு. பட்டினம்னாலே துறைமுகம், யாவாரம். "அலைகள் பாடும் ஊர்"னு போர்டு வச்சு நம்ம பெருமைப்படறோமே, அந்த அழகான பேருக்கு முன்னாடி இருந்த பேருல அலையும் இல்ல, பாட்டும் இல்லன்னு ஒரு அக்கா சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சோம். அந்த வாரத்துக்கு பிடிஎஃப்பா வந்தது கல்வெட்டுப் படியோட பழைய ஸ்கேன், பாதி எழுத்து தெரியல, வாத்தியார் வரி வரியா வாசிச்சு காட்டினார். அந்த ஒரு மணி நேரத்துக்கே நான் கட்டின 1,200 சரியாப் போச்சு, அது என் கணக்கு.

இடையில ஒண்ணு. இந்த ஊர் காத்துல ஓசோன் ஜாஸ்தி, நெஞ்சுக்கு நல்லதுன்னு டூரிஸ்ட்டுங்களுக்கு சொல்ற ஒரு கதை இருக்கு, நீங்களும் கேட்டிருப்பீங்க. வகுப்புல ஒருத்தர் அதக் கேட்டார். ரெண்டாவது வரிசையில, அதாவது ஸ்கிரீன்ல ரெண்டாவது வரிசையில, இருந்த ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் மைக்க ஆன் பண்ணி "ஓசோன சுவாசிச்சா நுரையீரலுக்குக் கெடுதல்ங்க, அது தலைக்கு மேல ரொம்ப உசரத்துல இருந்தாத்தான் நமக்கு நல்லது, இங்க அடிக்கறது சாதா கடல் காத்து, நல்ல காத்து, அதுவே போதாதா"ன்னு சொல்லிட்டு மியூட் பண்ணிட்டாங்க. அதோட அந்த டாபிக் க்ளோஸ்.

ரெண்டாவது வாரம் 1620. இத நான் கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா ஸ்கூல்ல நமக்கு இது ஒரே வரி, "டேனியர்கள் தரங்கம்பாடியில் குடியேறினர்", ரெண்டு மார்க், அவ்ளோதான். நெசத்துல நடந்தது சினிமா மாதிரி. டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியன் 1616ல டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிக்கறார், 1618 நவம்பர்ல ஓவே கெட்டங்கற ஒரு ஆள் தலைமையில கப்பலுங்க கெளம்புது. அந்த ஆளுக்கு அப்போ வயசு 23. 23 வயசுல நான் பஸ் பாஸ் ரினிவல் பண்ணவே அப்பாவ அனுப்புவேன். அவங்க கெளம்பினது தரங்கம்பாடிக்கே இல்ல, இலங்கைக்கு, கண்டி ராஜாவோட ஒப்பந்தம் போட. போய்ச் சேரவே ஒன்றரை வருஷம், வழியிலயே பாதிக்கு மேல ஆளுங்க செத்துட்டாங்க, போனா அங்க காரியம் நடக்கல. இதுக்கு நடுவுல ரோலண்ட் க்ராப்பேன்னு ஒருத்தர் முன்னாடியே ஒரு கப்பல்ல வந்திருக்கார், அந்தக் கப்பல காரைக்கால் பக்கத்துல போர்ச்சுகீசியன் அடிச்சு மூழ்கடிச்சிட்டான், செத்தவங்க ரெண்டு பேரோட தலைய கரையில குத்தி வச்சானாம் எச்சரிக்கைக்கு. தப்பிச்ச க்ராப்பே நேரா தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட போய் நின்னு பேச்சுவார்த்தை ஆரம்பிக்கறார். அதாவது, கப்பலும் போச்சு, சரக்கும் போச்சு, உடம்புல துணி இருந்துச்சா தெரியாது, அந்த நெலமையில ஒரு ராஜாகிட்ட போய் "எங்களோட யாவாரம் பண்ணுங்க"ன்னு கேட்ட ஆளு. சேல்ஸ்மேன்னா இவன்தான் சேல்ஸ்மேன்.

1620 நவம்பர்ல ஒப்பந்தம். வருஷத்துக்கு 3,111 ரூபா வாடகைன்னு புத்தகங்கள்ல வருது. இந்த "வாடகை"ங்கற சொல்லுதான் எங்க வகுப்புல அரை மணி நேரம் ஓடுச்சு. நாம எல்லாரும் என்ன நெனச்சிட்டிருந்தோம், வெள்ளைக்காரன் வந்தான், புடிச்சான், கட்டினான். இங்க அப்படி இல்ல. நாயக்கருக்கு போர்ச்சுகீசியன் தொல்லைய சமாளிக்க, மிளகுக்கு இன்னொரு ஏலக்காரன் வேணும்னு, ஒரு மீனவ கிராமத்த வாடகைக்கு விட்டிருக்கார். ஹவுஸ் ஓனர் தஞ்சாவூர்ல, குடித்தனக்காரன் கோட்டையில. ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதி அனுப்பின கடிதம் இன்னிக்கும் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்கு, கீழ கையெழுத்து மட்டும் தெலுங்குல. அந்தத் தகட்டோட படத்த ஸ்கிரீன்ல காட்டினப்போ யாரும் ஒரு நிமிஷம் பேசல. ஓலையில எழுதற நாட்டுக்காரங்க, அதனால தங்கத்தையும் ஓலை மாதிரியே நீளமா அடிச்சு எழுதியிருக்காங்க. இத நான் கவனிக்கல, வாத்தியார் காட்டினார்.

இப்போ மூணாவது வாரம். இந்த வகுப்பு முழுக்க நான் மறக்கவே மாட்டேன்னா அது இந்த வாரந்தான், இதுக்காகவே இந்த ரிவ்யூ எழுதறேன்னு கூட வச்சுக்கலாம்.

1639க்கு அப்புறம் முப்பது வருஷம் டென்மார்க்லேர்ந்து ஒரு கப்பல் கூட தரங்கம்பாடிக்கு கெளம்பி வரல. அங்க ஐரோப்பாவுல சண்டை, கம்பெனி கையில காசு இல்ல, கடைசியில கம்பெனியவே இழுத்து மூடிட்டாங்க. ஆனா இங்க இருக்கறவனுங்களுக்கு அத யாரு சொல்றது? கோட்டையில இருந்தவங்க ஒவ்வொருத்தரா சாகறாங்க, காய்ச்சல், சண்டை, குடி. நடுவுல 1648ல தங்களோட தலைவரையே கலகம் பண்ணி வெளிய தள்ளியிருக்காங்க, அது ஒரு தனி ரகளை. 1655ல பாத்தா மிச்சம் இருக்கறது ஒரே ஒரு டேனிஷ்காரன். எஸ்கில் ஆண்டர்சன் காங்ஸ்பாக்கே. பெரிய அதிகாரி எல்லாம் இல்ல, சாதாரண ஆளு. அவன் என்ன பண்ணான்? கொடிய இறக்கல. உள்ளூர் ஆளுங்கள வச்சுக்கிட்டு, வங்காள விரிகுடாவுல போற வர்ற கப்பல கொள்ளையடிச்சு (ஆமா, கொள்ளைதான், அத வேற எப்படி சொல்றது) அந்தக் காசுல சம்பளம் குடுத்து, தஞ்சாவூர் படை வந்து முற்றுகை போட்டப்போ ஊரச் சுத்தி மதில் கட்டி, 14 வருஷம் தாக்குப் புடிச்சிருக்கான். வாடகை பாக்கிக்கு ஹவுஸ் ஓனர் வீட்டு வாசல்ல வந்து நிக்கறார், குடித்தனக்காரன் உள்ள தாப்பா போட்டுக்கிட்டான்னு ஒருத்தர் சொன்னார், கிட்டத்தட்ட அதேதான். 1669 மே மாசம் ஃபேரோங்கற கப்பல் வருது. அவன் ஊர்லேர்ந்து, டென்மார்க்லேர்ந்து. அதுல அவனத் தலைவனா நியமிச்ச உத்தரவும் வருது. 14 வருஷம் பாத்த வேலைக்கு அப்போதான் ஆர்டர்.

அந்தக் கப்பல் தொடுவானத்துல தெரிஞ்சப்போ அவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு அன்னிக்கு ராத்திரி முழுக்க யோசிச்சேன். டேனிஷ் பேச ஆளே இல்லாம 14 வருஷம், அவனுக்குத் தமிழ் எவ்ளோ வந்திருக்கும், கனவு எந்த பாஷையில கண்டிருப்பான், அந்தக் கப்பல்காரங்ககிட்ட மொத வார்த்தை என்ன பேசியிருப்பான். எத்தனையோ தடவ அந்தக் கோட்டை மேல நின்னு அதே கடலப் பாத்திருக்கேன் சார், ஐஸ்கிரீம் சாப்ட்டுக்கிட்டு.

இங்க ஒரு குறை. இந்த வாரம் வந்த பிடிஎஃப்ல நாலு பக்கம் தலைகீழா ஸ்கேன் ஆயிருந்துச்சு, போன்ல படிக்கறவங்க போனத் திருப்பினா பக்கமும் சேர்ந்து திரும்புது, நான் கடைசியில தலைகாணி மேல போன வச்சு நானே அந்தப்பக்கம் போய் உக்காந்து படிச்சேன். குரூப்ல சொன்னதுக்கு ரெண்டு நாள் கழிச்சு சரி பண்ணி அனுப்பினாங்க, அதுக்குள்ள வகுப்பே முடிஞ்சிடுச்சு. அப்புறம் அந்த வாட்ஸ்அப் குரூப். படிப்புக்குன்னு ஆரம்பிச்ச குரூப்ல காலையில ஆறு மணிக்கு ரோஜாப்பூ படம் போட்டு காலை வணக்கம் சொல்ற மூணு பேரு இருந்தாங்க, அட்மின் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. இதெல்லாம் சின்ன விஷயம்னு விட்டுடலாம், ஆனா காசு குடுத்தவங்க படிக்கறாங்கல்ல, சொல்லியாகணும்.

நாலாவது வாரம் சீகன்பால்க், மதம் பரப்ப வந்த ஜெர்மன் மிஷனரி. இவரப் பத்தி எனக்கு ஏற்கனவே தெரியும்னு நெனச்சேன், ஊர்ல சிலை இருக்கு, பாத்திருக்கேன். 1706 ஜூலை 9ல கூட்டாளி ப்ளூட்சாவோட வந்து எறங்கறார், 24 வயசாக ஒரு நாள் பாக்கி. (இந்த ஊருக்கு வர்றவன் எல்லாம் இருபத்துச் சொச்சமாத்தான் இருக்கான்.) டென்மார்க் ராஜா அனுப்பின ஆளு, ஆனா கோட்டையில இருந்த டேனிஷ் அதிகாரிக்கே இவங்களப் புடிக்கல. ஒரு தமிழ் நாவிதரோட விதவை, புருஷன் கணக்குல இருந்த கடன் தகராறு, எதிராளி கம்பெனிக்கு வேண்டிய ஆள், சீகன்பால்க் அந்தம்மா பக்கம் பேசப் போய் அது முத்தி முத்தி, அவர அதே கோட்டையில நாலு மாசம் உள்ள போட்டுட்டாங்க. அவங்க ராஜா அனுப்பின ஆள அவங்களே. சுண்டல் பொட்டலத்தோட நாம சுத்திப் பாக்கற அதே ரூம்ல எதோ ஒண்ணுல. அவர் தமிழ் கத்துக்கிட்ட விதம் இன்னும் அழகு, ஒரு வயசான வாத்தியாரோட திண்ணைப் பள்ளிக்கூடத்த தன்னோட எடத்துக்கே வரவச்சு, சின்னப் பசங்களோட தரையில உக்காந்து மணல்ல விரலால அ, ஆ எழுதியிருக்கார். 1711ல புதிய ஏற்பாட்ட தமிழ்ல முடிச்சிட்டார். வந்து அஞ்சு வருஷம். நம்ம வீட்டுப் பசங்க அஞ்சாங்கிளாஸ்லயும் ழகரத்துக்கு தடவறானுங்க.

அச்சு மிஷின் கதை இருக்கே, அது ஒரு தனி நாவல். லண்டன்லேர்ந்து அனுப்பின மிஷின ஏத்திட்டு வந்த கப்பல பிரெஞ்சுக்காரன் பிரேசில் கரையில புடிச்சிட்டான், அப்புறம் எப்படியோ விடுவிச்சு, கூட வந்த அச்சுக்காரர் வழியிலயே எறந்து போய், மிஷின் மட்டும் வந்து சேந்துச்சு. ஓட்ட ஆள் இல்ல. தமிழ் எழுத்து ஜெர்மனியில ஹாலேங்கற ஊர்ல வார்த்து 1713ல வருது, பாத்தா எழுத்து ஒவ்வொண்ணும் சைஸ் பெருசு, அதுல முழுப் புத்தகம் அடிச்சா காகிதம் பத்தாது, அதனால இங்கயே சின்ன எழுத்து வார்த்தாங்க, காகிதமும் பத்தலன்னு பொறையார்லயே காகிதப் பட்டறை வச்சாங்க. பொறையார்கிட்ட கடுதாசிப்பட்டறைன்னு ஒரு எடம் இருக்கே, எங்க பெரியப்பா பஸ்ல அந்தப் பேரு வந்தாலே "என்ன பேருடா இது"ன்னு கேலி பண்ணுவார், பேருக்கான காரணம் பேருலயே இருந்திருக்கு, நாங்கதான் கேக்கல.

ஆனா இந்த வாரந்தான் வகுப்புல பெரிய தப்பும் நடந்துச்சு. ஸ்லைடுல கொட்டை எழுத்துல "தமிழில் அச்சான முதல் புத்தகம் - தரங்கம்பாடி"ன்னு போட்டிருந்தாங்க. ரிட்டயர்டு தமிழ் டீச்சரம்மா ஒருத்தங்க, எழுபது வயசுக்கு மேல இருக்கும், ஆறு வாரமும் சேத்து மொத்தமா பத்து வாக்கியம் பேசியிருப்பாங்க, அவங்க கைய தூக்கினாங்க. "ஐயா, தம்பிரான் வணக்கம் 1578ல கொல்லத்துலயே தமிழ் எழுத்துல அச்சாயிடுச்சு. அதுக்கும் முன்னாடி 1554ல லிஸ்பன்ல ஒண்ணு, அது தமிழ்தான் ஆனா ரோமன் எழுத்து. 1715ல இங்க அடிச்ச புதிய ஏற்பாடு எதுல மொதல்னா, இந்திய மொழி ஒண்ணுல அச்சான மொத புதிய ஏற்பாடு. அதுவே பெரிய பெருமை, இன்னொருத்தரோட பெருமைய ஏன் எடுத்துக்கணும்?" அப்படியே நிதானமா. வாத்தியார் சட்டுன்னு ஒத்துக்கிட்டார், தப்புன்னு சொன்னார், அடுத்த வாரம் ஸ்லைட மாத்தி அனுப்பினார். அதுக்கு மார்க் குடுக்கணும். ஆனா 137 வருஷ வித்தியாசம், காசு வாங்கி நடத்தற வகுப்புல இது வந்திருக்கக் கூடாது. ஒரு ஊர ரொம்ப நேசிக்கறவங்களுக்கு இந்த வியாதி வந்துடுது, எல்லாமே எங்க ஊர்லதான் மொதல்லங்கற வியாதி, எனக்கும் இருந்துச்சு, அந்த ஸ்லைடப் பாத்தப்போ நான் கை தட்டுற எமோஜி போட்டேன், மறைக்க விரும்பல.

அஞ்சாவது வாரம் எனக்கு திருப்தி இல்ல, காரணத்த சொல்றேன். 1712லேர்ந்து 1714 வரைக்கும் மிஷனரிங்க தமிழ் ஆளுங்ககிட்ட கேள்வி எழுதிக் கேட்டு, அவங்க பதில் கடிதம் எழுதி, அத ஜெர்மன்ல மொழிபெயர்த்து ஹாலேயில அச்சு போட்டிருக்காங்க. மொத்தம் 99 கடிதம். உங்க சாமி யாரு, உங்க கல்யாணம் எப்படி, வைத்தியம் எப்படி, எங்க மதத்த ஏன் ஏத்துக்க மாட்டேங்கறீங்க, இப்படி. பதில் சொன்னவங்க சும்மா விடல, எங்ககிட்ட குறை சொல்ற நீங்க எப்படி வாழறீங்கன்னு பாருங்க, குடிக்கறீங்க, கண்டதத் திங்கறீங்க, குளிக்க மாட்டேங்கறீங்கன்னு திருப்பிப் போட்டிருக்காங்க. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி எங்க பக்கத்து ஆளுங்க பேசின பேச்சு! தஞ்சாவூர்க்காரன் நக்கல் அப்பவே இருந்திருக்கு. இத வச்சு மூணு வகுப்பு நடத்தலாம். இவங்க இதுக்கு ஒதுக்கினது முக்கால் மணி நேரம், அதுலயும் பாதி நேரம் யாரோ மைக் ஆஃப் பண்ணாம குக்கர் விசில் வந்துட்டிருந்துச்சு. பிடிஎஃப்லயும் மூணே மூணு கடிதந்தான். டேனிஷ் கவர்னருங்க வரிசைய தேதி வாரியா பட்டியல் போட்டு ஏழு பக்கம் குடுத்தவங்களுக்கு இதுக்கு எடம் இல்லயான்னு கேட்டேன், "அடுத்த பேட்ச்ல பாக்கலாம்"னார். ஆறுமுகம்ங்கற கடலூர்க்காரர் ஆரோன்னு பேரு மாத்தி 1733ல இங்கதான் குருப்பட்டம் வாங்கினார், ப்ராட்டஸ்டண்ட் சபையில இந்தியர் ஒருத்தருக்குக் கெடச்ச மொத பட்டம் அது. அவருக்கு ஒரே ஒரு ஸ்லைடு.

அந்த வாரத்துல உருப்படியா ஒண்ணு, சீகன்பால்க் நம்ம தெய்வங்களப் பத்தி, அய்யனார் மாரியம்மன் வரைக்கும் விசாரிச்சு விசாரிச்சு ஒரு பெரிய கையெழுத்துப் பிரதி எழுதி 1713ல ஹாலேக்கு அனுப்பியிருக்கார். அங்க இருந்த பெரியவங்க, உன்ன அனுப்பினது அந்த மதத்த ஒழிக்க, அவங்க கதைய இங்க பரப்ப இல்லன்னு சொல்லி அலமாரியில போட்டுட்டாங்க. 1867லதான் அச்சாச்சு. எழுதினவர் 1719லயே போயிட்டார், 36 வயசு. அவரோட கல்லறை அவர் கட்டின புது எருசலேம் சர்ச்லயே இருக்கு.

ஆறாவது வாரம் விக்கறது. 1845ல தரங்கம்பாடியையும் வங்காளத்துல இருந்த செராம்பூரையும் சேத்து பன்னெண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிகிட்ட குடுத்துட்டு டேனிஷ்காரங்க கெளம்பிட்டாங்க. 225 வருஷம், முடிஞ்சது. இங்கிலீஷ்காரன் கைக்கு வந்ததும் ஊர் வளரும்னு பாத்தா, 1860கள்ல ரயில் நாகப்பட்டினத்துக்குப் போச்சு, கப்பலும் அங்கயே போயிடுச்சு, தரங்கம்பாடி அப்படியே தூங்கிடுச்சு. ஊர் இன்னிக்கு இவ்ளோ அழகா பழசா இருக்கறதுக்குக் காரணமே அது தோத்துப்போனதுதான்னு வாத்தியார் சொன்னார், ஜெயிச்சிருந்தா இடிச்சு இடிச்சு கட்டியிருப்பாங்க. சரின்னுதான் தோணுது, ஆனா அங்கயே பொழப்ப ஓட்டற மீன்காரங்ககிட்ட இத சொன்னா என்ன சொல்வாங்கன்னு தெரியல.

இந்த வாரம் அப்பா என் பக்கத்துல வந்து உக்காந்துட்டார். ரயில்னு காதுல விழுந்துச்சு, அவ்ளோதான். மயிலாடுதுறையிலேர்ந்து தரங்கம்பாடிக்கு 1926ல போட்ட மீட்டர் கேஜ் லைன், 1986ல நிறுத்திட்டாங்க. அப்பா அதுல ஏறிப் போன ஆளு. மைக்க ஆன் பண்ணச் சொல்லி அவரே பேச ஆரம்பிச்சிட்டார், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார்னு ஸ்டேஷன் ஸ்டேஷனா சொல்லி, எந்த எடத்துல வண்டி மெதுவா போவும், எங்க எறங்கி நுங்கு வாங்கிட்டு ஓடி வந்து திரும்ப ஏறலாம்னு, பத்து நிமிஷம். யாரும் குறுக்க பேசல. காசு கட்டாத ஆளுன்னு பையனும் வெளிய தள்ளல. முடிஞ்சதும் தமிழ் டீச்சரம்மா "நீங்க சொன்னது எதுலயும் எழுதியிருக்காது, யாராச்சும் எழுதி வைங்க"ன்னாங்க. அப்பாவுக்கு அன்னிக்கு பூரா முகத்துல ஒரு பவுசு.

நேர்ல போன நாள் பத்தி. ஞாயித்துக்கிழமை, பஸ் ஒரு மணி நேரம் லேட், மதியச் சாப்பாடு சுமார், அதுல சாம்பார சூடு பண்ணியாச்சும் கொண்டு வந்திருக்கலாம். கூட்டிட்டுப் போனதுல நடை பிளான் நல்லா இருந்துச்சு. 1792னு வருஷம் போட்ட அந்த வெள்ளை வாசல்ல பஸ்ஸ நிறுத்தி, அங்கேர்ந்து கிங் ஸ்ட்ரீட்ல நடந்தே போனோம். இந்த வாசல் வழியா எத்தன தடவ வேன்ல பாட்டு சத்தமா வச்சுக்கிட்டு சர்ருன்னு போயிருப்பேன். சீயோன் சர்ச், 1701. அடுத்து எதிர்ப்பக்கம் புது எருசலேம் சர்ச், முகப்புல 1718, மேல டேனிஷ் ராஜாவோட கிரீடமும் முத்திரையும். ரெண்டு சர்ச்சும் எதுக்கு இவ்ளோ பக்கத்து பக்கத்துலன்னு சின்ன வயசுல நான் கேட்டதே இல்ல. ஒண்ணு கோட்டைக்காரங்களுக்கு, இன்னொண்ணு நம்ம ஆளுங்களுக்கு. படிச்சிட்டுப் போனா ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அந்த ரோடு வேற மாதிரி தெரியுது.

கோட்டையில ஒரு ஃபேமிலி, அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவங்க, பட்டுப்பொடவையில மூச்சு வாங்க படி ஏறி வந்தாங்க, ஒரு பையன் "இதுல என்னம்மா இருக்கு பாக்க"ன்னான், அவங்க "ஒண்ணும் இல்லடா, வெள்ளக்காரன் கட்டினது, போட்டோ எடு கெளம்பலாம்"னாங்க. அப்படியே நான். எனக்கு அந்தம்மாவக் கூப்ட்டு காங்ஸ்பாக்கே கதைய சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா யாருன்னே தெரியாத ஒருத்தன் வந்து 1655ன்னு ஆரம்பிச்சா ஓடிடுவாங்க. பையன்கிட்ட மட்டும் மெதுவா, "தம்பி இங்க ஒரு ஆளு தனியா பதினாலு வருஷம் கப்பலுக்கு வெயிட் பண்ணான்"னேன். அவன் கடலப் பாத்தான், "வந்துச்சா?"ன்னான். வந்துச்சுன்னேன்.

சரி, ரிவ்யூக்கு வர்றேன். சேரலாமா? ஊர் புடிச்சிருந்தா, வாரத்துக்கு மூணு மணி நேரம் படிக்க முடிஞ்சா, தாராளமா சேருங்க. வேலை முடிஞ்சு வந்து டிவி மாதிரி ஓடவிட்டு கேக்கலாம்னு நெனச்சா வேணாம், தூங்கிடுவீங்க, எங்க பேட்ச்ல ஒருத்தர் கேமரா ஆன்ல வச்சுக்கிட்டே தூங்கினார். லேப்டாப் இல்லன்னா பிடிஎஃப்ப பிரிண்ட் எடுத்துக்கோங்க, போன்ல படிச்சு கண்ணக் கெடுத்துக்காதீங்க. தமிழ் ஆளுங்க எழுதின கடிதத்துக்கு இன்னும் நெறைய எடம் குடுத்தா அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன், இப்போதைக்கு நாலு. அந்த "முதல் புத்தகம்" ஸ்லைடு தப்ப வாத்தியார் ஒத்துக்கிட்ட விதத்துக்கு இல்லன்னா மூணரைதான்.

அடுத்த பேட்ச் நாகப்பட்டினமாம். அப்பா தனக்கும் சேத்து காசு கட்டச் சொல்லிட்டார், ரெண்டு லாகின் எதுக்குன்னு கேட்டா, "நான் பேசும்போது நீ குறுக்க வர்ற"ங்கறார்.